சமீபத்தில் படித்த கிராஃபிக் நாவல், மிகுபுனைவு நூல்களில் உங்களை உலுக்கியவை எவை? இவை சிறுவர்களுக்கான வகை என்று என் வீட்டில் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மையில்லை. நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறேன். கடந்த சில மாதங்களில் படித்தவற்றில் மூன்று நூல்கள் மனத்தை விட்டு இறங்க மறுக்கின்றன. அவற்றில் இரண்டைச் சிறுவர்கள் கைக்கு எட்டாத இடத்தில்தான் வைத்திருக்கிறேன்.

முதலிடம் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரெட்’டுக்கு. 1979-இல் வந்த நாவல் இது. டேமியன் டஃபி சுருக்கி எழுத, ஜான் ஜென்னிங்ஸ் வரைந்த கிராஃபிக் வடிவம் 2017-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு காமிக்ஸ் நூல்களுக்கான ஐஸ்னர் விருது பெற்றது. 1976-இல் கலிஃபோர்னியாவில் வாழும் கறுப்பினப் பெண் டானா. புது வீட்டில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது தலை சுற்றுகிறது; கண் திறந்தால் அடிமை முறை நடப்பில் இருந்த மேரிலாந்தில் ஓர் ஆற்றங்கரை. தண்ணீரில் ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் மூழ்கிக்கொண்டிருக்கிறான். அவனைக் காப்பாற்றுகிறாள். அவன் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் அவள் அங்கே இழுக்கப்படுகிறாள். அவள் உயிருக்கு ஆபத்து வந்தால்தான் திரும்ப முடிகிறது. இதற்குக் கால இயந்திரம் கிடையாது, விளக்கமும் கிடையாது. பட்லர் இதை அறிவியல் புனைகதை என்றே ஏற்கவில்லை. எனக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தச் சிறுவன் ரூஃபஸ் வளர்ந்து பண்ணை முதலாளியாகிறான். அவன் டானாவின் மூதாதை. அவனுக்கும் ஆலிஸ் என்ற கறுப்பினப் பெண்ணுக்கும் ஒரு மகள் பிறந்தால்தான் டானாவின் வம்சம் உண்டு. ஆலிஸுக்கு அவனிடம் விருப்பமில்லை. அப்படியானால் டானா என்ன செய்வாள்? தான் பிறப்பதற்காக இன்னொரு பெண்ணுக்கு நடக்கும் கொடுமைக்குத் துணைபோவாளா? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாமல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மறுநாள்தான் திரும்ப எடுத்தேன்.

காரணம் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளுடன் டர்பன் துறைமுகம் வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். என் கொள்ளுப்பாட்டி அவர்களில் ஒருவர். கப்பல் பதிவேட்டில் அவருடைய பதிவின் நகல் எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம் வட ஆர்க்காடு, கிராமம், கடைசியாக உடல் அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு. அவ்வளவுதான். தழும்பு எப்படி வந்தது, கப்பலில் யாரோடு வந்தார், கரும்புத் தோட்டத்தில் கூலிகளைத் தங்கவைத்த பாரக்ஸில் அவருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கெல்லாம் ஒரு வரி கூட இல்லை. 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அந்தக் கணக்கை நிரப்ப ஏற்றப்பட்ட பெண்களின் நிலை தோட்டங்களில் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கத் தொடங்கினால் தூக்கம் வராது. இருந்தாலும் அந்தக் கப்பல் வராதிருந்தால் நான் இல்லை. டானாவின் நெருக்கடி எனக்கு அன்னியமாகத் தோன்றவில்லை.

ஒப்பந்தக் கூலி முறையும் அடிமை முறையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஐந்தாண்டு ஒப்பந்தம் இருந்தது, பேருக்காவது கூலி இருந்தது, பிள்ளைகளை ஏலம் போடவில்லை. அந்த வேறுபாட்டை மறைத்தால் கறுப்பின மக்களுக்கு நாம் செய்யும் அநியாயம் அது. ஆனால் ஆவணம் மௌனமாகிவிடும் இடத்தில் புனைவு நுழைய முடியும், நுழைய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வரலாற்று ஆய்வாளர் அந்தத் தழும்பைப் பற்றி எழுத முடியாது. மிகுபுனைவு எழுதுபவர் முடியும். டானாவைப் போல ஒருத்தியை அந்தக் கப்பலின் தளத்தில் கொண்டுபோய் நிறுத்தி எங்கள் கதையை யாராவது தமிழில் வரைந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குத் தீவிரமாக இருக்கிறது.

படங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜென்னிங்ஸின் கோடுகள் கரடுமுரடானவை. முகங்கள் சில இடங்களில் அவலட்சணமாகக்கூடத் தெரியும். அழகான ஓவியத்தை எதிர்பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதுதான் பொருத்தமாக இருந்தது. 1976-ஆம் ஆண்டுப் பக்கங்களை மங்கிய பழுப்பில் விட்டு, அடிமைக் காலத்துப் பக்கங்களுக்கு முழு வண்ணத்தையும் கொட்டியிருக்கிறார். பழைய புகைப்படம் போல இருக்க வேண்டியது நிகழ்காலமாகவும், கண் முன்னே நடப்பது கடந்தகாலமாகவும் ஆகிவிடுகிறது. உரைநடையில் பட்லருக்குக் கிடைக்காத வசதி இது. சவுக்கடியை வார்த்தையில் படிக்கும்போது கண் வேகமாக ஓடிவிடலாம். படத்தில் ஓட முடியாது.

டஃபியும் ஜென்னிங்ஸும் பட்லரின் ‘பேரபிள் ஆஃப் தி சோவர்’ நாவலையும் 2020-இல் கிராஃபிக் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு அறிவியல் புனைவு, மிகுபுனைவுக்கான ஹ்யூகோ விருதே கிடைத்தது. என் கணக்கில் ‘கிண்ட்ரெட்’ அளவுக்கு அது தேறவில்லை. மூல நாவல் 1993-இல் வந்தது. கதை தொடங்கும் ஆண்டு 2024. சுவர் எழுப்பி உள்ளே அடைந்து வாழும் ஒரு சிறு குடியிருப்பு, அதில் லாரன் என்ற பதினைந்து வயதுப் பெண், அவளுடைய நாட்குறிப்பு. பிறர் வலியைக் கண்டால் தன் உடலிலேயே அதை உணர்பவள் அவள். அந்த வலியைப் படம் நன்றாகவே காட்டுகிறது. ஆனால் நாட்குறிப்பின் குரல்தான் அந்த நாவலின் உயிர். அதைப் பெட்டி பெட்டியாக வெட்டிப் படத்தின் மேல் ஒட்டியிருப்பதால் பல பக்கங்களில் மூச்சு முட்டுகிறது. இதை மட்டும் உரைநடையில் படிக்கச் சொல்வேன்.

ஆனால் அந்தச் சுவர்! 2021 ஜூலையில் இந்த மாகாணத்தில் கலவரமும் சூறையாடலும் வெடித்தபோது இங்கே இருந்தவர்களுக்கு அந்தச் சுவர் கற்பனையாகப் படாது. தெருமுனைகளில் டயர்களையும் மரக்கிளைகளையும் போட்டு மறித்து, அண்டை வீட்டுக்காரர்களே இரவில் காவல் நின்றார்கள். ரொட்டிக்கும் பெட்ரோலுக்கும் நீண்ட வரிசை. அச்சம் நியாயமானது. அந்த அச்சத்தின் பெயரால், டர்பனில் இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பட்லர் இதைத்தான் கேட்கிறார்: சுவருக்குள் இருப்பவர் யாரை மனிதராகப் பார்க்கிறார், யாரைப் பார்க்க மறுக்கிறார்? வெளியே இருப்பவரின் வலி லாரனைத் தாக்குகிறது. நம்மைத் தாக்குவதில்லை. எங்கள் குடும்பத்துப் பெரியம்மா ஒருவருக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, “அந்தப் பெண்ணுக்கு இருப்பது வியாதி இல்லையம்மா, நமக்கு இருப்பதுதான் வியாதி” என்றார். இதைவிடச் சிறந்த விமரிசனத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

மூன்றாவது நூல் இந்த நாட்டிலேயே பிறந்தது. எழுத்தாளர் லாரன் பியூக்ஸின் ‘ஜூ சிட்டி’, 2010. அடுத்த ஆண்டு அறிவியல் புனைகதைக்கான ஆர்தர் சி. கிளார்க் விருது பெற்ற இது படங்கள் இல்லாத நாவல். ஜோஹானஸ்பர்க்கில் குற்றம் செய்தவர்களோடு ஒரு விலங்கு ஒட்டிக்கொள்கிறது. நாயகி ஜின்ஜியின் முதுகில் தேவாங்கு மாதிரி மெல்ல அசையும் ஒரு ஸ்லாத். விலங்கு செத்தால் அதன் மனிதரையும் இருள் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். குற்றத்தை மறைக்கவே முடியாத ஊர். எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அதைச் சுமந்துகொண்டே ரொட்டி வாங்கப் போக வேண்டும். கண்டம் முழுவதிலிருந்தும் அகதிகள் வந்து குவியும் ஹில்பிரோவின் மாடிக் கட்டடங்களை அவர் எழுதியிருக்கும் விதம் அபாரம். கடைசிப் பகுதிதான் அவசரம்: துப்பறியும் கதையை முடிக்க வேண்டிய கட்டாயத்தில் ரத்தம் கொட்டுகிறது, ஜின்ஜியின் குற்ற உணர்ச்சி பின்னுக்குப் போய்விடுகிறது. அந்த ஊரில் இன்னும் நூறு பக்கம் சும்மா நடந்திருக்கலாம்.

எதில் தொடங்குவது என்றால், கிராஃபிக் நாவலே படித்திராதவர் ‘கிண்ட்ரெட்’டில் தொடங்கலாம். கதை நேராகப் போகிறது, கட்டங்களைப் படிக்கப் பழகாத கண்ணும் வழி தவறாது. ஆனால் சவுக்கடியும் பாலியல் வன்முறையும் தற்கொலையும் ஒளிவுமறைவின்றி வருகின்றன. பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் கொடுக்க வேண்டாம். உங்கள் வீட்டில் ‘சிறுவர் வகை’ என்று சொன்னாரே, அவரிடமே முதலில் கொடுங்கள்.