டீச்சர் பதில்கள்: வகுப்பில் செல்போன்

(நாமக்கல் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் 9, 10ஆம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியை, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குரூப்பில்தான் போடுகிறார்கள். எங்கள் வீட்டில் ஒரே போன். அது அவருடன் வேலைக்குப் போனால் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் திரும்பும். மறுநாள் பெண் திட்டு வாங்குகிறாள்.
- ஒரு வாசகி, பரமத்தி வேலூர்

நேராகப் போய் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள் அம்மணி. ‘போன் இல்லை’ என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். கூச்சப்பட வேண்டியது எங்களைப் போன்றவர்கள்.

கொரோனா சமயத்தில் நானும் இதே தப்பைச் செய்தேன். ஒரு பையன் நான்கு நாளாக எதுவும் அனுப்பவில்லை. குரூப்பில் அவன் பேரைப் போட்டுக் கேட்டேன், பதில் இல்லை. கோபத்தோடு போன் போட்டால், பின்னால் லாரி இரைச்சல். அவன் அப்பா எடுத்தார். “டீச்சர், நான் நாக்பூர் தாண்டிட்டனுங்க. கேள்வியைச் சொல்லுங்க, எழுதிக்கறேன். ராத்திரி பக்கத்து ஊட்டுக்குப் போன் போட்டுப் பையன்கிட்டச் சொல்லிடறேன்” என்றார். வண்டியை ஓரங்கட்டி, ஏதோ பில்லின் பின்பக்கத்தில் ஒன்பது கேள்வியை எழுதிக்கொண்டார். ‘ஒளிவிலகல்’ என்பதை இரண்டு தடவை எழுத்துக்கூட்டச் சொன்னார். அன்றோடு திட்டுவதை விட்டேன். இப்போது கடைசி ஐந்து நிமிடம் வீட்டுப்பாடம் கரும்பலகையில். குரூப் என்பது லீவு அறிவிப்புக்கு மட்டும்.

டீச்சர்கள் மட்டும் போன் கொண்டுவரலாம், நாங்கள் கொண்டுவந்தால் பிடுங்கிக்கொள்வீர்கள். இது நியாயமா?
- 9ஆம் வகுப்பு மாணவன், ராசிபுரம்

பாதி நியாயம், பாதி அநியாயம் கண்ணு. எங்களுக்கு வருகைப்பதிவே செயலியில்தான், போன் இல்லாமல் முடியாது. ஆனால் வருகைப்பதிவு போட எடுத்த போனில் தங்கம் விலையும் பார்த்திருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

உன் ஊரில் மட்டும் தடை என்று நினைக்காதே. பிரான்சில் 2018இல் சட்டமே போட்டு, சின்ன வகுப்புகளிலும் நடுநிலை வகுப்புகளிலும் போனைத் தடுத்துவிட்டார்கள். 2023இல் வந்த யுனெஸ்கோ அறிக்கை ஒன்று, கவனம் ஒருமுறை சிதறினால் மறுபடி பாடத்துக்குள் வர 20 நிமிடம் வரைகூட ஆகலாம் என்கிறது. நம் பீரியடே முக்கால் மணி. இரண்டு ‘டிங்’ கேட்டால் பீரியட் முடிந்தது.

என் வகுப்பில் ஓர் ஒப்பந்தம் உண்டு. என் போன் மேஜைமேல் குப்புறக் கிடக்கும். பாடத்துக்கு இல்லாமல் அதை எடுத்தால், வகுப்புக்கே கடலைமிட்டாய் அபராதம். இதுவரை இரண்டு முறை மாட்டிக்கொண்டேன்.

எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது. வீடியோ போட்டால் பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்க்கிறார்கள். கேள்வி கேட்டால் முழிக்கிறார்கள்!
- புதிதாகச் சேர்ந்த ஆசிரியர், சேந்தமங்கலம்

அந்தச் சத்தமில்லாமைதான் சார் சந்தேகத்துக்கு உரியது. செம்பருத்தியை வீடியோவில் காட்டாதீர்கள், வெளியே வேலியில் பூத்திருக்கிறது. கண்ணுக்கு எட்டாததற்குத்தான் கருவி.

போன மாதம் வீட்டு டி.வி. ரிமோட்டைக் கொண்டுபோனேன். முனையில் இருக்கும் குட்டி பல்பைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் தெரியவில்லை. “பேட்டரி தீர்ந்துபோச்சு டீச்சர்” என்றான் ஒருவன். அதே ரிமோட்டைப் போனின் செல்ஃபி கேமரா முன்னால் பிடித்து அழுத்தினால், திரையில் ஊதாவும் வெள்ளையுமாகப் படபடவென்று மின்னுகிறது! அகச்சிவப்புக் கதிர். நம் கண்ணுக்குப் பிடிபடாதது கேமராவுக்குப் பிடிபடுகிறது. (பின்பக்கக் கேமராவில் அதை வடிகட்டும் கண்ணாடி பெரும்பாலும் இருக்கும். அதனால் முன்பக்கத்தில் செய்யுங்கள்.) ஒரு பெண் எழுந்து, “அப்போ பாம்புக்கு இது தெரியுமா டீச்சர்?” என்றாள். குழிவிரியன் உணர்வது உடம்புச் சூட்டில் வரும் அகச்சிவப்பு, அது நீள அலை. ரிமோட்டில் வருவது குட்டை அலை, பாம்புக்கு எட்டாது. இதை அவளுக்குச் சொல்ல நானே வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வர வேண்டியிருந்தது. போனை எடுத்தது மொத்தம் இரண்டு நிமிடம். பேச்சு பீரியட் முழுக்க.

பாடப்புத்தகத்தில் 2018 முதல் க்யூஆர் கோடு வருகிறதே, அதையும் பயன்படுத்துங்கள். முந்தின நாளே திக்ஷா என்ற அரசுச் செயலியில் பாட வீடியோவைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் பிரச்சினை இல்லை. உங்கள் புத்தகத்திலிருந்தே ஸ்கேன் செய்யுங்கள். நான் ஒரு பையன் புத்தகத்தை வாங்கி ஐந்து நிமிடம் போராடினேன். கிட்டே பார்த்தால், வெள்ளைக் கட்டங்களையெல்லாம் நீலப் பேனாவால் அழகாக நிரப்பி வைத்திருக்கிறான். “காலியா இருந்துச்சுங்க டீச்சர்.”

பிள்ளைகள் படத்தை ஆசிரியர்கள் ஸ்டேட்டஸில் வைக்கலாமா?
- ஒரு தந்தை, திருச்செங்கோடு

கேட்காமல் வைக்கக்கூடாது. பெற்றோரை மட்டுமல்ல, பிள்ளையையும் கேட்க வேண்டும். என் மகன் மொட்டையடித்த படத்தைக் கேட்காமல் வைத்தேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.