அமெரிக்காவில் 'லாபி' என்பது சட்டமே அனுமதித்த லஞ்சம்தானே?

கேட்டவர் ஊரிலிருந்து செய்தி பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். தப்பில்லை, நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 2019-இல் நானே கோட்டு மாட்டிக்கொண்டு வாஷிங்டனுக்கு லாபி செய்ய, அதாவது ஒரு சட்டத்துக்காக அரசியல்வாதிகளிடம் ஆதரவு கேட்க, போனேன். அதற்குப் பிறகு அவ்வளவு சுலபமாகச் சொல்ல வாய் வரவில்லை. (நான் அரசியல் படித்தவன் இல்லை, சாப்ட்வேர் டெஸ்டிங் ஆள். பேராசிரியர்கள் கமென்டில் கம்பைத் தூக்க வேண்டாம்.)

வேலை வழியாக இங்கே ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு. மனைவி, பிள்ளைகளையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. அதில் எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. ஐஸ்லாந்துக்கும் அதே வரம்பு, இந்தியாவுக்கும் அதே வரம்பு. கிரீன் கார்டு வரிசையில் என் பெயர் ஏறிய தேதி 2013. நியாயமாக 2011 ஆக இருந்திருக்க வேண்டும். அப்போது வேலை பார்த்த கம்பெனியின் வக்கீல் 'அடுத்த குவார்ட்டர், அடுத்த குவார்ட்டர்' என்றே இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த 7 சதவீதத்தை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-65 என்று ஜெயித்தது. அடுத்து மேல்சபையான செனட். நியூ ஜெர்சியிலிருந்து ஆறு பேர் ஒரு வேனில் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். ஆளுக்கொரு கதை எழுதி, பிள்ளைகள் படமெல்லாம் ஒட்டி, கல்யாண ஆல்பம் கனத்தில் ஒரு ஃபைல்.

செனட்டரையெல்லாம் பார்க்க முடியாது. எங்களைப் பார்த்தது அவர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் இருபத்து நாலு, இருபத்தைந்து வயதுப் பையன். அறை காலியில்லை என்று வராந்தாவிலேயே நிற்க வைத்துப் பேசினான். அவன் கேட்ட முதல் கேள்வி: "உங்கள் ஜிப் கோடு என்ன?" அந்த செனட்டரின் மாநிலத்தில் குடியிருந்தவர் எங்களில் ஒருவர்தான். விசிட்டிங் கார்டு அவருக்கு மட்டும் கிடைத்தது. பையனைக் குறை சொல்ல மாட்டேன், மரியாதையாகத்தான் நடந்துகொண்டான். எங்களிடம் ஓட்டு இல்லை. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் தேர்தல் நிதி கொடுக்கவும் சட்டத்தில் இடமில்லை. பேச வாய் இருந்தது, அவ்வளவுதான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே சாம்பல் நிற சூட்டில் ஒருவர் வந்தார். பையன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மகளுக்கு எந்தக் காலேஜில் இடம் கிடைத்தது என்று விசாரித்தான். காலியில்லாத அறை திறந்தது. கவர் எதுவும் கைமாறவில்லை, எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும். அவர் கையில் இரண்டே தாள். சட்டத்தில் எந்த வரியை எப்படி மாற்ற வேண்டும் என்று அதில் அப்படியே எழுதியிருக்கும் என்று எங்கள் நண்பர் சொன்னார். அந்த சூட்டுக்காரர் அதே அலுவலகத்தில் முன்பு வேலை பார்த்தவராம். தாள் உள்ளே போனது. எங்கள் ஃபைல் வராந்தா நாற்காலியில் கிடந்தது.

இதன் பெரிய உருவம் வேண்டுமென்றால் மருந்து விலையைப் பாருங்கள். 65 வயது தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். அது மருந்துக் கம்பெனிகளிடம் விலை பேசக் கூடாது என்று 2003-இல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். அந்தச் சட்டத்தை நகர்த்தியவர்களில் ஒருவர் பில்லி டாசின். பிரதிநிதிகள் சபையில் ஒரு முக்கியக் குழுவின் தலைவர். 2005-இல் பதவி முடிந்ததும் நேராக மருந்துக் கம்பெனிகள் சங்கத்துக்கே தலைவராகப் போனார். சில மருந்துகளுக்காவது பேரம் பேச வழி பிறந்தது 2022-இல். எல்லாம் சட்டப்படிதான். கேள்வி கேட்டவர் இதை லஞ்சம் என்றால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

எங்கள் மசோதாவா? செனட்டில் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் ஓட்டெடுப்பே இல்லாமல் நிறைவேறும் குறுக்குவழி ஒன்று உண்டு. ஒருவர் ஆட்சேபித்தால் போதும், நின்றுவிடும். 2019-இல் செனட்டர் டிக் டர்பின் அப்படித்தான் நிறுத்தினார். இன்னொரு செனட்டர் ராண்ட் பால் செவிலியர்களுக்குத் தனி ஒதுக்கீடு கேட்டார், அதைச் சேர்த்தார்கள். எங்களுக்கு வரிசை குறைந்தால் தங்களுக்கு நீளும் என்று வேறு நாட்டுக்காரர்களும் எதிர்த்தார்கள். அவர்கள் பயமும் நியாயம்தான், இதைச் சொன்னால் எங்கள் ஆட்களே என்னைத் திட்டுவார்கள். ஒருவழியாக 2020 டிசம்பர் 2 அன்று செனட்டில் நிறைவேறியது. ஆனால் கீழ்ச்சபை நிறைவேற்றிய வாசகம் வேறு, இது வேறு. இரண்டும் ஒன்றாவதற்குள் ஜனவரி 3-ஆம் தேதி சபையின் காலம் முடிந்து மசோதா செத்துப்போனது. 2011-இலும் இதே கதை: கீழே 389-15, மேலே போய்ப் படுத்துவிட்டது.

ஊருக்குப் போன் செய்து சொன்னால் மச்சான் சிரிக்கிறார். "யாருக்குக் கொடுக்கணும்னு தெரியாம ஆறு பேர் போனீங்களாக்கும்." கொடுப்பதைப் பற்றி இவர் பேசுகிறார்! பட்டா மாறுதலுக்கு 'கவனிக்க வேண்டும்' என்று என்னிடம் நாற்பதாயிரம் வாங்கி மூன்று வருடமாகிறது. பட்டாவும் மாறவில்லை, யாரைக் கவனித்தார் என்றும் தெரியவில்லை.

இங்கே யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பதையாவது பார்க்க முடிகிறது. 1995 சட்டப்படி லாபிக்காரர்கள் பதிவு செய்ய வேண்டும். எந்தக் கம்பெனிக்காக, எந்த மசோதாவுக்காக, எவ்வளவு பணம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும். தொகையைப் பத்தாயிரம் டாலருக்கு முழுமையாக்கிப் போடுவார்கள். மொத்தம் இப்போது ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல். இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தூக்கம் வராத இரவுகளில் நான் எங்கள் மசோதா எண்ணைப் போட்டுத் தேடுவேன். யார் யாரெல்லாம் அதற்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும். ஆனால் அறைக்குள் என்ன பேசினார்கள் என்பது மட்டும் எந்தப் படிவத்திலும் இருக்காது.

மச்சான் இதைப் படித்தால்: ரசீது ஏதாவது இருந்தால் அனுப்பவும்.