மறு: அழுத்தத்தில் இருந்தவர்கள் அதிகம் கொடுத்தால் நியாயம் கூடிவிட்டதா?

100 ரூபாயைப் பங்கு போடும் அல்டிமேட்டம் விளையாட்டில், மன அழுத்தம் உண்டாக்க ஐஸ் தண்ணீரில் கை வைக்கவைத்த குழுவினர் கூடுதலாகக் கொடுத்தார்கள், "அழுத்தம் நியாய உணர்வை வளர்க்கிறது" என்று புராஜெக்ட்டில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள்.

இதில் ஒருவர் 100 ரூபாயில் எவ்வளவு தருவேன் என்று சொல்வார்; எதிராளி அதை வேண்டாம் என்றால் இருவருக்குமே பூஜ்யம். 1982இல் பொருளாதார ஆய்வாளர் கூத் குழுவினர் இதை ஜெர்மனியில் நடத்திய காலத்திலிருந்தே இருக்கும் சிக்கல் இது: 40 ரூபாய் நீட்டுகிறவர் நியாயம் பார்க்கிறாரா, 20 நீட்டினால் எதிராளி முறுக்கிக்கொள்வான் என்று பயப்படுகிறாரா? அந்தப் பயமும் வீண் இல்லை. 20க்குக் கீழே போனால் ஏறக்குறைய பாதிப் பேர் மறுத்துவிடுவார்கள்.

அதனால், கொடுப்பதை எதிராளி மறுக்கவே முடியாத டிக்டேட்டர் விளையாட்டையும், எதிராளியை மாற்றி, வைத்துப் பாருங்கள். அதிலும் அழுத்தக் குழு கூடுதலாகக் கொடுத்தால் உங்கள் வாதம் நிற்கும். அல்டிமேட்டத்தில் மட்டும் கூடினால் அது நியாயம் இல்லை, மறுப்புக்குப் பயந்த கணக்கு.

அப்புறம், நேரம். கையை எடுத்த உடனே கேட்டீர்களா? அப்போது வேலை செய்வது உடனே சுரக்கும் அட்ரினலின். இன்னொரு அழுத்த ஹார்மோனான கார்டிசால் உச்சத்துக்கு வர, அழுத்தம் தொடங்கியதிலிருந்து 20, 30 நிமிடம் ஆகும். காலையில் அது தானாகவே அதிகம் என்பதால் மதியத்துக்கு மேல் நடத்துவது நல்லது.

ஒரு குழுவுக்கு மட்டும் நடுவில் கேள்வித்தாள் கொடுத்திருந்தால் வம்புதான், அந்த இடைவெளியே முடிவை மாற்றிவிடலாம். சுமார் 10 நிமிடம் ஆறப்போட்டாலே குறைந்த தொகையையும் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று கிரிம், மெங்கல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2011இல் காட்டியிருக்கிறார்கள். மற்ற குழு வெதுவெதுப்பான தண்ணீரில் கை வைத்ததா, சும்மா உட்கார்ந்திருந்ததா? அதைச் சொல்லுங்கள், மேலே பேசலாம்.