அக்குள் நிணநீர்க்கணுவில் நீலச் சாயம் தெளிவாகப் பிடிக்க என்ன செய்வார்கள்?

காரைக்குடியில் உங்கள் ஆச்சிக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை நடக்கவிருப்பதாகவும், அக்குள் கணுவில் சாயம் சில நேரம் பிடிக்காது என்று மருத்துவர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். நம் பக்கத்தில் வரத்துக்கால் நீர் முதலில் சேரும் ஊருணியைப் போல, மார்பகத்தின் நிணநீர் (திசுக்களிலிருந்து வடியும் நீர்மம்) முதலில் சேரும் இடமே சென்டினல் கணு; அதை அடையாளம் காணத்தான் நீலச் சாயம். அந்தக் கணுவில் புற்று இல்லையென்றால் அக்குள் கணுக்கள் அனைத்தையும் அகற்றுவதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

மெத்திலீன் நீலம் என்னும் அந்தச் சாயத்தை முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் அடியில் செலுத்தி, சுமார் 5 நிமிடம் நீவிவிட்டு, சாயம் கணுவை எட்டச் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கீறினால் நீலம் வந்து சேர்ந்திருக்காது, மிகத் தாமதித்தால் அது அடுத்த கணுக்களுக்கும் கடந்துவிடும். தோலுக்குள்ளேயே செலுத்தினால் தோல் அழுகக்கூடும் என்பதால் ஆழத்தில் கவனம் தேவை. சாயத்தோடு கருவியால் தேடிக் கண்டறியும் கதிரியக்கப் பொருளான டெக்னீசியத்தையோ, அகச்சிவப்புக் கேமராவில் ஒளிரும் இன்டோசயனின் பச்சையையோ சேர்த்துப் பயன்படுத்துவதே, வசதியுள்ள இடத்தில், மிக நம்பகமான வழி என்பேன்.

புற்று நிறைந்து இறுகிய கணு சாயத்தை ஏற்காமலே போகலாம். ஆகையால் விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படும் கணுவை, நீலம் இல்லாவிட்டாலும், எடுத்துச் சோதிப்பார்கள். ஆச்சி மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் மருத்துவரிடம் அவசியம் முன்பே சொல்லுங்கள். அவற்றுள் சில, மெத்திலீன் நீலத்தோடு சேர்ந்தால் உடலில் செரடோனின் என்ற நரம்பு வேதிப்பொருளை ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும்.