குத்தகை கிரயமான கதை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அயர்லாந்தில் குடியானவர்களே ஜமீன் நிலங்களை விலைக்கு வாங்கிக்கொண்டார்கள் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். குத்தகை கட்டவே திண்டாடியவர்களுக்குக் கிரயம் கொடுக்கப் பணம் ஏது? எங்கள் பக்கத்துச் சிங்கம்பட்டி ஜமீனில் நடந்தது போன்றதுதானா அதுவும்? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: அவர்களிடம் பணம் இல்லை. நிலக்கிழாருக்கு உரிய விலையை, அப்போது அயர்லாந்தை ஆண்டுவந்த பிரிட்டிஷ் அரசு கொடுத்துவிட்டு, அதைக் குடியானவரிடம் ஆண்டுத் தவணையாகத் திரும்பப் பெற்றது. இந்த ஏற்பாடு சரிப்பட்டு வரவே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1870ஆம் ஆண்டுச் சட்டம் விலையில் மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே கடனாகத் தந்தது. மீதியை ரொக்கமாக எடுத்துவைக்கக்கூடியவர்கள் மிகச் சிலரே ஆகையால் அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 1885இல் வந்த ஆஷ்பர்ன் சட்டம் முழு விலையையும் கடனாகக் கொடுத்து, நூற்றுக்கு 4 வீதம் 49 ஆண்டுகள் கட்டினால் போதும் என்றது. 1903இல் வந்த விண்டம் சட்டமோ அந்த வீதத்தை 3¼ ஆகக் குறைத்து, காலத்தை 68½ ஆண்டுகளாக நீட்டியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் சூட்சுமம் விளங்கும். ஆண்டுக்கு 10 பவுண்டு குத்தகை கட்டிவந்த ஒருவர், இருபது ஆண்டுக் குத்தகையையே விலையாகப் பேசி முடித்தால் கிரயம் 200 பவுண்டு ஆகிறது. அதற்கு நூற்றுக்கு 3¼ வீதம் ஆண்டுத் தவணை 6 பவுண்டு 10 ஷில்லிங். நேற்றுவரை 10 பவுண்டு கட்டியும் நிலம் பிறருடையதாக இருந்தது. இன்று ஆறரைப் பவுண்டு கட்டினால், அந்த 3¼ வீதத்தில் 2¾ வட்டிக்கும் ½ முதலுக்குமாகக் கழிந்து, பேரன் காலத்திலாவது நிலம் கடனின்றிக் கைக்கு வருகிறது. வீட்டுக்கடன் வாங்கியவர்கள், வாடகையைவிடத் தவணை குறைவாக அமைந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்!

நிலக்கிழார் ஏன் விற்றார் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். 1881ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் குத்தகைத் தொகையை நீதிமன்றமே நிர்ணயித்துப் படிப்படியாகக் குறைத்துவந்தது; பாக்கியும், காரியஸ்தர் சம்பளமும், கலகமும் போக மிஞ்சியது சொற்பம். 1902 டிசம்பரில் டப்ளினில் நிலக்கிழார் தரப்பும் குடியானவர் தரப்பும் டன்ரேவன் பிரபுவின் தலைமையில் ஒரே மேசையில் அமர்ந்து பேசி, கேட்கும் விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை அரசு நிரப்பினால் விற்கவும் வாங்கவும் தயார் என்று அறிவித்தன. அதன்படி, பண்ணை முழுவதையும் விற்பவருக்கு விலையில் நூற்றுக்கு 12 வீதம் அரசு தன் பணத்திலிருந்து கூடுதலாகக் கொடுத்தது. நம் கணக்கில் அது 24 பவுண்டு. குடியானவர் அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

சிங்கம்பட்டி, ஊற்றுமலை, சிவகிரி ஜமீன்களில் நடந்தது வேறு. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் பேரம் பேசவில்லை. ஜமீனை அரசே எடுத்துக்கொண்டு ஜமீன்தாருக்கு இழப்பீடு கொடுத்தது. குடிகள் கிரயத் தொகை எதுவும் கட்டாமல் ரயத்துவாரி பட்டா (அரசு நேராகக் குடியின் பெயரில் தரும் பட்டா) பெற்று, அதன்பின் கிஸ்தி என்னும் நிலவரியை நேராக அரசுக்குக் கட்டினார்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாகக் கன்னடியன் கால் பாசனத்தில் இரண்டு கோட்டை (எங்கள் பக்கத்து நில அளவு) விதைப்பாடு கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுது வருகிறோம். ஜமீன் ஒழிப்பால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. நாங்கள் அயர்லாந்தில் பிறந்திருந்தால்? (வாசகர், சேரன்மகாதேவி)

பதில்: உங்கள் கேள்வியில்தான் விஷயத்தின் சாரம் இருக்கிறது. தாமிரபரணிக் கால்வாய்களின் நஞ்சை பெரும்பாலும் ஜமீன் நிலமன்று. மிராசுதார், கோயில், மடம் ஆகியோர் பெயரில் பட்டா இருக்க, கார், பிசானம் ஆகிய இரு போக நெல்லையும் விளைவித்தவர்கள் வாரத்துக்கோ (விளைச்சலில் பங்கு) குத்தகைக்கோ உழுதவர்கள். அவர்களுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பையும், 1956ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமான குத்தகையையும் தந்தன. அயர்லாந்தில் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு 1881இல் கொடுத்ததும் ஏறத்தாழ இவற்றைத்தான்: நியாயக் குத்தகை, நிலைத்த அனுபவம், அனுபவ உரிமையைப் பிறருக்கு விற்கும் சுதந்திரம். மூன்றாவதை விட்டுவிட்டால், அவர்கள் 1881இல் ஏறிய படியில் நாம் 1956இல் ஏறினோம். 1903க்கு உரிய படி நம் நஞ்சைக்கு வரவே இல்லை என்பது என் கருத்து.

கோயில் நிலம் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் அரசின் கடனுதவியோடு முதன்முதலில் நிலம் வாங்கியவர்கள் தேவாலய நிலத்துக் குடிகளே. 1869இல் அங்கிலிக்கன் திருச்சபையின் அரசுத் தொடர்பு அறுக்கப்பட்டபோது, விற்பனைக்கு வந்த அதன் நிலங்களை வாங்கும் முதல் உரிமை அவற்றை உழுதவர்களுக்குத் தரப்பட்டது. கால் பங்கு ரொக்கமாகவும் மீதியை அடமானக் கடனாகவும் வைத்துச் சுமார் 6,000 பேர் வாங்கினார்கள். ஆனால் அத்திருச்சபை நாட்டில் சிறுபான்மையினருடையது. நித்திய பூசைக்கும் கட்டளைக்கும் எழுதிவைக்கப்பட்ட நிலத்தை அதனோடு அப்படியே ஒப்பிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

கேள்வி: நிலம் இல்லாத கூலிக்காரர்களுக்கு என்ன கிடைத்தது? (வாசகி, பத்தமடை)

பதில்: மிகக் குறைவு. 1883 முதல் வந்த சட்டங்களின்படி உள்ளாட்சி அமைப்புகள் அவர்களுக்குச் சிறு வீடுகள் கட்டிக் கொடுத்தன. வீட்டோடு முதலில் அரை ஏக்கரும் பின்னர் ஒரு ஏக்கர் வரையும் நிலம் சேர்ந்தது. நம்மூரில் 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் விவசாயத் தொழிலாளரின் வீட்டு மனையை அவர்களுக்கே உரிமையாக்கியதை இதனோடு வைத்துப் பார்க்கலாம். இரண்டு இடங்களிலும் கூலிக்காரருக்கு வந்து சேர்ந்தது வீடுதான், வயலன்று.

நிலத்தை எடுத்தவருக்குக் குத்தகைதாரர் என்ற பெயரே ஒட்டாமல் பார்த்துக்கொண்ட நிலக்கிழார்களும் உண்டு. அயர்லாந்தின் மேய்ச்சல் நிலங்கள் பலவற்றைப் பதினொரு மாதத்துக்கு மட்டுமே வாடகைக்கு விட்டார்கள். ஆண்டு நிறையாததால் 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின் உரிமை எதுவும் ஒட்டாது. பாளையங்கோட்டையில் வாடகை வீட்டுக்குப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு, காரணம் வேறானாலும், இந்தச் சாமர்த்தியம் புதிதாக இராது.

கேள்வி: ‘பாய்காட்’ என்ற சொல் இந்தப் போராட்டத்தில் பிறந்ததா? (வாசகர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: ஆம். மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் காரியஸ்தராக இருந்த கேப்டன் சார்லஸ் பாய்காட்டுக்கு 1880இல் யாரும் வேலை செய்யவில்லை, கடைக்காரர் சாமான் விற்கவில்லை. முந்தைய ஆண்டு பார்னெலைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய நிலச் சங்கத்தின் ஆயுதம் அது. அவருடைய விளைச்சலை எடுக்க வடக்கிலிருந்து ஐம்பது பேரை வரவழைத்து, அவர்களைச் சுற்றிப் பட்டாளத்தைக் காவல் நிறுத்த வேண்டியதாயிற்று. நமக்கு இது ஊர்விலக்கு என்ற பெயரில் பழக்கமானதுதான். ஆனால் இங்கே அது பெரும்பாலும் எளியவர்மீதே விழுந்தது, அங்கே ஊர் கூடி நிலக்கிழாரின் ஆள்மீது வீசியது.

கேள்வி: 68½ ஆண்டுத் தவணையைக் கட்டி முடித்தார்களா? (வாசகர், வீரவநல்லூர்)

பதில்: இடையில் அரசியல் புகுந்துவிட்டது. அயர்லாந்து இரண்டாகப் பிரிந்து தெற்கு தனியாட்சி பெற்றபின், அங்கே எஞ்சியிருந்த குத்தகை நிலங்களை 1923ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாகக் கைமாற்றியது. பழைய கடன்களின் தவணை மட்டும் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1932இல் அயர்லாந்தில் ஆட்சிக்கு வந்த டி வலேரா அதை அனுப்ப மறுத்தார். பிரிட்டன் அயர்லாந்தின் கால்நடைகள்மீது வரி விதிக்க, மாட்டுச் சந்தை விழுந்து விவசாயிகள் ஆறு ஆண்டுகள் அல்லல்பட்டார்கள். 1938இல் 1 கோடி பவுண்டை மொத்தமாகக் கொடுத்துக் கணக்கு தீர்க்கப்பட்டது. விவசாயிகளோ பாதியாகக் குறைக்கப்பட்ட தவணையைத் தங்கள் சொந்த அரசுக்குத் தொடர்ந்து கட்டிவந்தார்கள். இவற்றையெல்லாம் நிர்வகிக்க 1881இல் அமைக்கப்பட்ட நில ஆணையம் 1999இல்தான் கலைக்கப்பட்டது.