பி.சி.ஜி. விட்டும் கட்டி திரும்ப வந்தது பற்றி

புதுக்குடியிருப்பிலயிருந்து எழுதின தம்பிக்கு: ஆறு கிழமை பி.சி.ஜி. எண்ட மருந்தை உள்ளுக்கு விட்டும் அப்பாட சலப்பையில (சிறுநீர்ப்பையில) திரும்பக் கட்டி வந்திட்டுது, டொக்டர்மார் பிழை விட்டிட்டினமோ எண்டு கேட்டிருக்கிறியள். அப்பிடி உடன முடிவெடுக்காதேங்கோ. திரும்பி வாறதுதான் சலப்பைப் புற்றுநோயின்ர குணம்.

அப்பா முப்பது வருசம் சுருட்டுப் பத்தினவர் எண்டும் எழுதியிருக்கிறியள். புகையில இருக்கிற நஞ்சைச் சிறுநீரகம் வடிச்சு அனுப்ப, அது சலத்தோட பைக்குள்ள மணிக்கணக்காத் தேங்கி நிக்கும். உட்சுவர் முழுக்க அதில ஊறுது. ஒரு இடத்தைச் சுரண்டி எடுத்தாலும் பக்கத்தில முளைக்கும், வயலில கோரை பிடுங்கின கதை.

பி.சி.ஜி. எண்டது எங்கட புயத்தில தழும்பு விட்ட அதே காசநோய்த் தடுப்பூசிக் கிருமி. சலப்பைக்குள்ள விட்ட முடிவை 1976இல கனடாவில மொறாலஸ் எண்ட டொக்டர் வெளியிட்டார். முக்கியமா அது செய்யிறது, உடம்பின்ர எதிர்ப்புக் கலங்களை அங்க கூப்பிடுறது. சில புற்றுக் கலங்கள் பி.டி.-எல்1 எண்ட புரதத்தைப் போர்த்திக்கொண்டு அந்தக் காவலை அடக்கிப்போடும். அந்தத் தடையை உடைக்கிற பெம்புறோலிசுமாப் ஊசியை, பி.சி.ஜி.க்குக் கேளாத நோயாளியளில ஒரு பகுதியினருக்கு 2020இல அமெரிக்கா அனுமதிச்சது. விலைதான் பயங்கரம்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகேக்க பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் கொண்டு போங்கோ. வெட்டின துண்டில சலப்பைச் சுவரின்ர தசை இருந்ததோ, கட்டி தசைக்குள்ள இறங்கியிருக்கோ எண்டு கேளுங்கோ. அடுத்த வைத்தியம் அதிலதான் தங்கியிருக்கு. அப்பா சுருட்டை விட்டிட்டாரோ?