ஹெல்மெட்டை லக்கேஜில் போடலாமா?

லடாக் சீசன் நெருங்கினாலே பைக் கடிதங்கள் குவிய ஆரம்பித்துவிடும். லே வரை விமானத்தில் போய், அங்கே வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இந்த வாரப் பகுதி முழுக்க அவர்களுக்குத்தான்.

கேள்வி: சென்னை – டெல்லி – லே டிக்கெட். ஜாக்கெட், பேன்ட், பூட்ஸ், முழங்கால் கவசம், ஹெல்மெட் எல்லாம் சேர்த்தாலே ஒன்பது கிலோ. செக்-இன் லக்கேஜ் 15 கிலோதான். துணிமணிக்கு எங்கே போவது? – கோவை

பதில்: கனமானதை உடம்பில் ஏற்றிக்கொள்ளுங்கள். போட்டிருப்பதை யாரும் எடை போடுவதில்லை. பூட்ஸ் இரண்டு கிலோ, ஜாக்கெட் இரண்டு கிலோ என்று வைத்தால் நாலு கிலோ குறைந்துவிட்டது. சென்னையில் வேர்த்து ஊற்றும்தான். ஜாக்கெட்டைக் கையில் போட்டுக்கொண்டு போங்கள். பாதுகாப்புச் சோதனையில் அதை டிரேயில் வைக்கச் சொல்வார்கள். பூட்ஸில் இரும்பு பக்கிள் இருந்தால் அதையும் கழற்ற வேண்டி வரும். கொஞ்சம் முன்னதாகவே கிளம்புங்கள்.

ஹெல்மெட் கேபின் பைக்குள் போகட்டும். அதன் உட்குழிவில் கையுறை, காலுறைகளைத் திணிக்கலாம். கேபின் பை பொதுவாக ஒன்றுதான், 7 கிலோ. ஹெல்மெட்டைத் தனியாகத் தொங்கவிட்டுப் போனால், 'இது இரண்டாவது பை' என்று சொல்லும் ஊழியரும் உண்டு. அப்புறமும் எடை மிஞ்சினால் வீட்டிலிருந்தே ஆன்லைனில் கூடுதல் எடைக்குப் பணம் கட்டிவிடுங்கள். கவுன்டரில் கட்டணம் கூடுதல். எடை பார்க்கக் கொக்கி வைத்த கைத்தராசு மட்டும் வாங்காதீர்கள். என்னிடம் இருப்பது தூக்கும்போதெல்லாம் ஒரு எடை காட்டுகிறது. ஆள் எடை மெஷினில் பையோடு ஒரு தடவை, பையில்லாமல் ஒரு தடவை ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செயினுக்கு எண்ணெய் பூசும் ஸ்பிரே (செயின் லூப்), பஞ்சர் சொல்யூஷன் இரண்டையும் செக்-இன் பெட்டியில் போடலாமா? – மதுரை

பதில்: கூடாது. இரண்டும் தீப்பிடிக்கிற சரக்கு. கேபினிலும் கூடாது. ஸ்பேனர் செட் செக்-இன்னில் போகலாம்.

கேள்வி: 30,000 எம்ஏஎச் பவர் பேங்க் தள்ளுபடியில் வாங்கினேன். விமானத்தில் விடுவார்களா? – சேலம்

பதில்: பவர் பேங்க் கேபினில்தான் வர வேண்டும், செக்-இன்னில் போடவே கூடாது. வரம்பு 100 வாட்-அவர். உங்கள் 30,000-ஐ 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 111. அதற்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். 20,000 என்றால் 74, பிரச்சினையே இல்லை. எழுத்து அழிந்த பவர் பேங்க்கைச் சோதனையில் பிடுங்கிக்கொண்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கேமராவின் உபரி பேட்டரிகளுக்கும் இதே விதிதான். முனைகளில் டேப் ஒட்டிக் கைப்பையில் வையுங்கள்.

கேள்வி: ஹெல்மெட்டை செக்-இன்னில் கொடுத்தேன். உடையக்கூடிய பொருள் என்று ஒரு டேக்கில் கையெழுத்து வாங்கினார்கள். லேயில் எடுத்தபோது வைசர் (முகக் கண்ணாடி) உடைந்து, பக்கவாட்டில் ஆழமான கீறல். 'கையெழுத்துப் போட்டீர்களே' என்கிறார்கள். 9,000 ரூபாய் ஹெல்மெட். – திருச்சி

பதில்: இந்த டேக்கைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பின்னால் நாற்பது பேர் நிற்க, எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்த அட்டையை நீட்டி, 'இங்கே ஒரு சைன் சார்' என்கிறார்கள். யார் படிக்கிறார்கள்? அதன் சாரம், பொருள் சேதமானால் எங்களைக் கேட்காதே என்பது. ஆனால் வான்வழிப் போக்குவரத்துச் சட்டம், 1972-இன் மூன்றாம் அட்டவணையிலேயே, சட்டம் சுமத்தும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நிபந்தனை செல்லாது என்று இருக்கிறது. பொருளின் இயல்பாலோ குறைபாட்டாலோ வந்த சேதம் என்றால்தான் நிறுவனம் தப்பிக்கலாம். ஹெல்மெட் என்ன, முட்டையா?

உள்நாட்டுப் பயணத்தில் லக்கேஜுக்கு இழப்பீட்டு உச்சவரம்பு பயணிக்கு 20,000 ரூபாய். உங்கள் ஹெல்மெட் அதற்குள் அடங்கும். சேதம் பற்றிய புகாரை லக்கேஜ் கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். போனில் பேசியது கணக்கில் வராது. பில், லக்கேஜ் ஸ்டிக்கர், போர்டிங் பாஸ், படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. படிக்கிற மற்றவர்கள் பெல்ட் ஓரத்திலேயே பையைத் திறந்து பாருங்கள். சேதம் இருந்தால் வெளியே வருமுன் புகார்ப் படிவத்தில் எழுதி நகல் வாங்குங்கள்.

இன்னொன்று, அந்த ஹெல்மெட்டை இனி தலையில் வைக்காதீர்கள். அடியைத் தாங்குவது ஓட்டுக்குள் இருக்கும் தெர்மகோல் போன்ற நுரை. அது ஒரு தடவைதான் நசுங்கும், திரும்ப எழாது. வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் உள்ளே என்ன ஆனது என்று கண்ணால் சொல்ல முடியாது.

கேள்வி: 'சிஇ சர்டிஃபைட்' (ஐரோப்பியப் பாதுகாப்புச் சான்று பெற்ற) ஜாக்கெட் 3,800 ரூபாய்க்குக் கடையில் வாங்கினேன். முதுகில் வெறும் ஸ்பான்ஜ்தான் இருக்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் போட்டிருக்கிறதே? – நெல்லை

பதில்: அப்படி அச்சடித்துவிட்டால் சட்டம் ஓடிப்போய்விடாது. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் கொடுத்தும் திரும்ப எடுக்க மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. நாள் கடக்குமுன் எழுத்தில் கேளுங்கள். சான்றிதழ் உண்டு என்று பொய் சொல்லி விற்றதையும் அதில் குறிப்பிடுங்கள்.

ஏமாற்று இப்படித்தான் நடக்கிறது: தோள், முழங்கை கவசத்துக்கு மட்டும் சான்றிதழ் இருக்கும், அதை ஜாக்கெட் மேல் எழுதிவிடுவார்கள். ஜாக்கெட்டின் உள்லேபிளில் இஎன் 17092 என்ற ஐரோப்பியத் தர எண்ணும், ஏஏஏ, ஏஏ, ஏ என்று ஏதாவது ஒரு தரமும் இருக்க வேண்டும். லைனிங் ஜிப்பைத் திறந்து கவசத்தை வெளியே எடுங்கள். கவசத்துக்கான தர எண் இஎன் 1621, ஒரு பைக் ஓட்டியின் சின்னம், 1 அல்லது 2 என்ற நிலை எண் அதில் பதிந்திருக்கும். முதுகில் பெரும்பாலும் கை வைத்தால் அமுங்குகிற ஸ்பான்ஜ்தான். என் அலமாரியிலும் அப்படி ஒன்று தொங்குகிறது, மழைக்குக்கூட லாயக்கில்லை.

கேள்வி: விழுந்தால் ஊதிக்கொள்ளும் காற்றுப்பை வெஸ்ட்டில் கேஸ் சிலிண்டர் இருக்கிறதே? விமானத்தில் விடுவார்களா? – பெங்களூரு

பதில்: முன் அனுமதி கேளுங்கள். பொருத்தியதும் உபரியுமாகக் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை விதியில் இடமுண்டு. பதிலை அச்செடுத்துக் கொண்டுபோங்கள், சோதனையில் இருப்பவருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்கலாம்.

கேள்வி: இன்ஸ்டாவில் பார்த்த ஒருவருக்கு மணாலி வண்டிக்காக முழு வாடகையும் ஜிபேயில் அனுப்பிவிட்டேன். வெள்ளை நம்பர் பிளேட். பாங்காங் போகலாம் என்றார். சரிதானே? – சென்னை

பதில்: பணம் அனுப்பிய பிறகு கேட்கிற கேள்வியா இது? வாடகை வண்டிக்குக் கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பிளேட் சொந்த உபயோக வண்டி. விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம். வெளியூர் வாடகை பைக்கில் பாங்காங், நூப்ரா பக்கம் போக லேயின் உள்ளூர் வாடகைச் சங்கத்தார் விடுவதில்லை. பணத்தை இப்போதே திருப்பிக் கேளுங்கள். ரசீதாவது வாங்கினீர்களா?

கேள்வி: காலை ஏழுக்கு லேயில் இறங்கி, ஒன்பதுக்கு வண்டி எடுத்து கர்துங் லா கணவாய்க்குப் போக முடியுமா? – புதுச்சேரி

பதில்: முடியாது. லே 3,500 மீட்டர், கர்துங் லா 5,300-க்கும் மேல். உடம்பு அந்த உயரத்துக்குப் பழக முதல் இரண்டு நாள் படுத்திருங்கள். வாடகையை மூன்றாம் நாளிலிருந்து போடச் சொல்லுங்கள்.